சிறைப் பக்கம் இன்னும் காயவில்லை

தச்சர்: அதெல்லாம் இருக்கட்டும்... சார் எங்க?

தையலம்மா: எந்த சார்?

தச்சர்: இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஹெட்மாஸ்டர்? இப்பத்தான மேடையில நம்மகூட நின்னாரு. ஆணி நீட்டிக்கிட்டிருக்கு, பிள்ளைங்க கையைக் கிழிச்சிடும்னு குறை சொல்லிக்கிட்டே...

தையலம்மா: அந்த மூலையைப் பிடிண்ணே. இழுக்காத, தளரவே விடு. நனைஞ்சா காடாத் துணி தானா இறுகிக்கும்.

தச்சர்: இருபது வருஷமா நாடகத்துக்குத் தட்டி அடிக்கிறவன்கிட்ட துணி இறுகறதைச் சொல்லிக் குடு. சார் எங்க தங்கச்சி?

உள்ளேயிருந்து: டெய்லரம்மா... நான் பிடிச்சது போதுமா? கை வலிக்குது.

தையலம்மா: இன்னும் கொஞ்சம் சார். ரொம்ப நல்லாப் பிடிக்கிறீங்க.

தச்சர்: அடிப்பாவி. இந்தச் சுத்தற சீன் பெட்டிக்கு உள்ளயா இருக்காரு?

தையலம்மா: மெதுவாப் பேசு. உள்ளேருந்து ஒரு ஆள் சட்டத்தைத் தாங்கினாத்தான துணி ஒட்ட முடியும்? நீ ஆணி எடுக்கப் போயிட்ட. சார்கிட்ட கேட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை மறுக்காம போய் நின்னாரு.

தச்சர்: தாங்கற ஆளு கடைசி ஓரம் ஒட்டறதுக்கு முன்னாடி வெளிய வந்துடணும். நான் எத்தனை தட்டிக்குத் தாங்கியிருக்கேன், ஒரு தடவையாவது உள்ள மாட்டியிருக்கேனா?

தையலம்மா: நீ தச்சன். அவரு ஹெட்மாஸ்டர். இப்ப வெளிய வாங்கன்னு அவருக்கு யாரு சொல்றது?

உள்ளேயிருந்து: மேஸ்திரி வந்தாச்சா? நல்லதாப் போச்சு. மேஸ்திரி, இந்தப் பெட்டிக்கு வாசல் எந்தப் பக்கம்?

தச்சர்: வாசலா சார்... நாடகத்துல சிறையா வர்ற பக்கம்.

உள்ளேயிருந்து: சிறை எந்தப் பக்கம்? உள்ளேருந்து பாத்தா நாலும் ஒண்ணுதான். கட்டையும் துணியும்.

தச்சர்: நீங்க கையில பிடிச்சிருக்கீங்களே, அதான் சிறை. வலது பக்கம் கடல். இடது பக்கம் காடு. முதுகுக்குப் பின்னாடி அரண்மனை.

உள்ளேயிருந்து: சரி. சிறையைத் தொறங்க.

தையலம்மா: அங்கதான் சார் ஒரு சின்னச் சிக்கல்.

உள்ளேயிருந்து: என்ன சிக்கல்?

தையலம்மா: காலையில என்ன சொன்னீங்க? சிறைச் சுவத்துல கதவு இடுக்கு தெரிஞ்சா ராஜா அந்த வழியா ஓடிப் போகலாமேன்னு பாக்கறவங்க நெனைப்பாங்க, இடுக்கு தெரியக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல?

உள்ளேயிருந்து: சொன்னேன். சரியாத்தான் சொன்னேன்.

தையலம்மா: அதான், துணியை இடுக்குக்கு மேல இழுத்துக் கடல் சட்டத்தோட சேத்து ஒட்டிட்டேன். இப்ப இடுக்கே தெரியல சார். நீங்க வெளிய வந்து பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவீங்க.

உள்ளேயிருந்து: அதைத்தாம்மா நானும் கேக்கறேன். வெளிய வரணும். பிரிச்சு விடுங்க.

தையலம்மா: ஈரம் சார். வஜ்ஜிரப் பசை கரைச்ச தண்ணியை இப்பத்தான் முழுக்கத் தடவியிருக்கு. பாதி காஞ்சிருக்கறப்ப பிரிச்சா ஒரு பக்கமா இழுத்துச் சட்டம் கோணிக்கும். இல்லண்ணே?

தச்சர்: ...கோணத்தான் செய்யும்.

தையலம்மா: சட்டம் கோணினா சக்கரம் தூக்கிக்கும். சக்கரம் தூக்கினா பெட்டி சுத்தாது. பெட்டி சுத்தலைன்னா உங்க ராஜா அரண்மனையை விட்டுக் காட்டுக்கும் போக முடியாது, கடலுக்கும் போக முடியாது, சிறைக்கும் போக முடியாது. நாடகம் முழுக்க சிங்காசனத்துலயே உக்காந்திருப்பாரு. சாகறதுக்கு அவருக்கு எடமே கெடைக்காது.

உள்ளேயிருந்து: காய எவ்வளவு நேரம்?

தையலம்மா: நல்ல வெயில் அடிச்சா ரெண்டு மணி நேரம்.

உள்ளேயிருந்து: மேடைக்குள்ள எங்கம்மா வெயில்?

தையலம்மா: அப்ப மூணுன்னு வச்சுக்குங்க.

உள்ளேயிருந்து: இப்பவே மணி பன்னண்டரை. நாலு மணிக்கு அதிகாரி வராரு. நான் வரவேற்புரை எழுதலை. சான்றிதழ் நாப்பதுல கையெழுத்துப் போடலை. மேஸ்திரி, நீங்களாவது ஏதாவது செய்ங்க. மேல ஏறி வந்துடட்டுமா?

தச்சர்: ஒம்பதடி சார். கால் வச்சா துணி கிழிஞ்சு காட்டுக்குள்ள மாட்டிக்குவீங்க.

உள்ளேயிருந்து: கீழ?

தச்சர்: நாலு விரல் இடம் இருக்கு. சக்கரத்துக்கு விட்டது.

உள்ளேயிருந்து: நாலு விரல்ல நான் எப்படி வருவேன்?

தச்சர்: வர முடியாது சார். கேட்டீங்களேன்னு சொன்னேன்.

தையலம்மா: சார்... சார், நடக்காதீங்க. பெட்டி நகருது.

உள்ளேயிருந்து: நகரட்டும். சக்கரம் இருக்கில்ல? இப்படியே தள்ளிக்கிட்டு என் ரூமுக்குப் போயிடறேன்.

தச்சர்: இந்த அகலத்துக்கு நெலைவாசல்ல முட்டும் சார். அடே, அந்தப் பக்கம் போகாதீங்க, மேடை முடியுது. இடது... இடது... உங்க இடது. தங்கச்சி, காட்டைப் பிடி.

தையலம்மா: காட்டைப் பிடிச்சிட்டேன். நீ கடலைப் பிடி.

தச்சர்: சார், நில்லுங்க. இன்னும் ஒரு அடி வச்சா முன்வரிசை நாற்காலி மேல அரண்மனையோட விழுவீங்க.

உள்ளேயிருந்து: ...நின்னுட்டேன்.

தையலம்மா: அப்படியே கீழ உக்காருங்க சார். மூலையில ஒரு மணை கெடக்கும். அண்ணன் உக்காந்து ஆணி அடிச்சது.

உள்ளேயிருந்து: இருக்கு. ஒரு கால் ஆடுது.

தச்சர்: அதுவும் நான் அடிச்சதுதான்.

தையலம்மா: இருங்க, யாரோ வராங்க. ...யாரு? பியூன் அண்ணனா? அங்கயே நில்லுங்க, பசை கொட்டியிருக்கு. சாரா? சார்...

உள்ளேயிருந்து: சொல்லாதீங்க.

தையலம்மா: என்ன சார்?

உள்ளேயிருந்து: நான் இதுக்குள்ள இருக்கேன்னு சொல்லாதீங்கம்மா. பள்ளிக்கூடம் பூரா பரவிடும். பதினோரு வருஷமா நான் வராண்டாவுல நடந்தா ஒரு ஊசி விழற சத்தம் கேக்காது. அந்தப் பேரு போயிடும்.

தையலம்மா: ...சார் இப்ப இங்க இல்லண்ணே. வெளிய எங்கயும் காணோம். ஆமா, வெளிய இல்ல. அது பெட்டி, தானா ஆடும், காத்துக்கு. கையில என்ன? சான்றிதழா? குடுங்க, வந்தா நான் கையெழுத்து வாங்கி வைக்கிறேன். கூடவே ரெண்டு டீ... இல்ல, மூணு. ரெண்டு பேர்தான், எனக்குத் தலைவலி, நான் ரெண்டு குடிப்பேன்.

தச்சர்: போயிட்டாரா?

தையலம்மா: போயிட்டாரு. நம்பினாரான்னு தெரியல. சார், குனியுங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல கையை நீட்டுங்க. பத்துப் பத்தாத் தரேன்.

உள்ளேயிருந்து: பேனா என்கிட்ட இருக்கு. ...இதென்ன பேரு? எழுத்தே தெரியல. அந்த வெளக்கைக் கொஞ்சம் காட்டுப் பக்கமா வச்சுத் திருப்புங்க.

தச்சர்: திருப்பிட்டேன். இப்பத் தெரியுதா? உங்க நிழலு இங்க நல்லாத் தெரியுது சார். கடலுக்கு நடுவுல ஒருத்தர் மணை போட்டு உக்காந்து எழுதற மாதிரி இருக்கு.

உள்ளேயிருந்து: மேஸ்திரி.

தச்சர்: சார்.

உள்ளேயிருந்து: பாக்காதீங்க.

தச்சர்: சரிங்க சார். ...தங்கச்சி, இங்க வா. இப்படித் தள்ளி வா. உண்மையைச் சொல்லு. கைத்தப்பா? இல்ல வேணும்னே பண்ணியா?

தையலம்மா: கைத்தப்புத்தான்.

தச்சர்: உன் பொண்ணு கிலுக்கு சமாச்சாரமா?

தையலம்மா: இல்ல.

தச்சர்: என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

தையலம்மா: உன் முகத்தை நான் எதுக்குப் பாக்கணும்? அந்தத் தலகாணி முகத்தைப் பாரு. சிங்காசனத்துல கிரீடம் வச்சுக்கிட்டு எப்படி உக்காந்திருக்குன்னு பாரு. என் பொண்ணு உக்கார வேண்டிய எடம்ணே அது.

தச்சர்: நெனச்சேன்.

உள்ளேயிருந்து: அங்க என்ன குசுகுசுன்னு?

தையலம்மா: ஒண்ணுமில்ல சார். தலகாணி நல்லா இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம்.

உள்ளேயிருந்து: ...டெய்லரம்மா, அதைப் பத்தி நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்.

தையலம்மா: பேசுங்க சார். மூணு மணி நேரம் இருக்கு.

உள்ளேயிருந்து: உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ராஜா வேஷத்துக்கு அவதான்னு நானே தேர்ந்தெடுத்தேன். வசனம் ஒண்ணு விடாம சொல்றா. நிக்கறா, நடக்கறா, வாளை உருவறா. ஆனா கடைசியில செத்துக் கெடக்கச் சொன்னா சிரிக்கிறாளே. அஞ்சு ஒத்திகை, அஞ்சு தடவையும். அது சோகக் காட்சிம்மா.

தையலம்மா: அதுக்காக என் பொண்ணுக்குப் பதிலா தலகாணியா?

உள்ளேயிருந்து: சாகற வரைக்கும் வேற பொண்ணு நடிக்கிறா. செத்தப்பறம் மட்டும்தான் தலகாணி.

தையலம்மா: அந்தத் தலகாணியையும் என்னையே தைக்கச் சொன்னீங்களே, அதுதான் சார் எனக்கு ஆறல. என் பொண்ணு உசரத்துக்கு அளவெடுத்து, வெட்டுத் துணியை அடைச்சு, மீசை வேற வச்சு... மீசையை மூணு தடவ பிரிச்சுத் தச்சேன். முதல் தடவ தொங்குச்சு. ரெண்டாவது தடவ ஒரு பக்கம் மேல போயி எங்களைப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரி ஆயிடுச்சு.

உள்ளேயிருந்து: ...

தச்சர்: சார்? உள்ள என்ன சத்தம்?

உள்ளேயிருந்து: தும்மல். தூசி.

தையலம்மா: அப்படியும் அது ஒழுங்கா நடிச்சுதா? முந்தாநேத்து மந்திரி வந்து "மன்னா, எங்களை விட்டுப் போனீரே"ன்னு அழறப்ப உருண்டு உருண்டு மேடையை விட்டே போயிடுச்சு. செத்த ராஜா எங்கயாவது உருளுவாரா?

உள்ளேயிருந்து: உருண்டுச்சு. ஆனா சிரிக்கலை.

தச்சர்: அதுல ஒரு ஞாயம் இருக்கு தங்கச்சி.

தையலம்மா: நீ யாரு கட்சி?

தச்சர்: நான் நடுவுல நிக்கறேன். கடலைப் பிடிச்சிக்கிட்டு.

தையலம்மா: அவ ஏன் சிரிக்கிறான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா சார்?

உள்ளேயிருந்து: மந்திரி குனிஞ்சதும் பஞ்சுத் தாடி கழண்டு அவ மூக்குல விழுது. பாத்தேன்.

தையலம்மா: தாடிக்கு அவ சிரிக்கல. தாடி விழுந்ததும் கண்ணை லேசாத் தொறந்து உங்களைப் பாக்கறாளாம். நீங்க முன்வரிசையில உக்காந்து கன்னத்தை உப்பிக்கிட்டு, முகமெல்லாம் செவந்து, கண்ணு பிதுங்கி... அப்பறம் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போறீங்களாம். அவ்வளவு கோபம். அதைப் பாத்தாத்தான் அவளுக்குச் சிரிப்பு வருதாம்.

உள்ளேயிருந்து: ...கோபம்னு யாரு சொன்னா?

தையலம்மா: எல்லாரும்தான் சொல்றாங்க. நீங்க குழாயடியில நின்னு தலையில தண்ணி ஊத்திக்கிட்டதை டிரில் மாஸ்டரே பாத்திருக்காரு.

உள்ளேயிருந்து: டிரில் மாஸ்டருக்கு வேற வேலை இல்ல.

தச்சர்: அவருதான சார் சாயங்காலம் இந்தப் பெட்டிக்குள்ள நின்னு சுத்தப் போறாரு?

உள்ளேயிருந்து: அவருதான். ...டீ வந்துச்சா?

தச்சர்: வாசல்ல வச்சிட்டுப் போயிருக்காங்க. ஆனா டம்ளர் நாலு விரல்ல நுழையாதே சார்.

தையலம்மா: தட்டுல ஊத்திக் குடு. தட்டு நுழையும். மெதுவா... சார், ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க. மேல பாத்து இழுக்காதீங்க, கட்டை இடிக்கும்.

உள்ளேயிருந்து: ...வாங்கிட்டேன். நல்லாருக்கு. டெய்லரம்மா.

தையலம்மா: சொல்லுங்க சார்.

உள்ளேயிருந்து: பொண்ணு ரொம்ப வருத்தப்பட்டாளா?

தையலம்மா: வருத்தப்பட்டு அழுதா எனக்குத் தேவலையே. நாலு நாளா வீட்டுல சத்தமே இல்ல சார். எங்க வீட்டுல எப்பவும் அவ சிரிப்புத்தான் முதல்ல வாசலுக்கு வரும், அப்பறம்தான் ஆளு வரும். அதுக்குத்தான் கிலுக்குன்னே பேரு வச்சோம். இப்பப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயை விரிச்சுப் படுத்துக்கறா. கையைக் காலை நீட்டிக்கறா. கண்ணை மூடிக்கறா. என்னடி பண்றன்னா, "பொணமா இருக்கப் பழகறேம்மா, பேசாத"ங்கறா.

தச்சர்: நான் போயி வாயில ஆணியைக் கவ்விக்கிட்டுப் பாட்டுப் பாடிக் காட்டினேன் சார். எப்பவும் அதுக்கு உருண்டு பொரண்டு சிரிப்பா. திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குத்தான் ஒரு ஆணி உள்ள போகப் பாத்துச்சு.

தையலம்மா: பழகிட்டா சார். நேத்து ஈ வந்து அவ கண்ணு மேல உக்காந்துச்சு. அசையல. நான்தான் ஓடிப் போயி விரட்டினேன். வேஷம் போனாப் போகுது... பத்து வயசுப் பொண்ணு சிரிக்காம இருக்கப் பழகலாமா? சொல்லுங்க.

உள்ளேயிருந்து: டீ தட்டை எந்தப் பக்கம் தரணும்?

தையலம்மா: வந்த வழியாத்தான். சார், ஒரே ஒரு தடவ பாத்துடலாம். நீங்க உள்ள இருக்கீங்க. உங்க முகம் அவளுக்குத் தெரியாது. அவளைக் கூட்டிட்டு வரேன், செத்துக் கெடக்கட்டும். அண்ணன் மந்திரியா அழட்டும். அவ சிரிக்கலைன்னா தலகாணியை எறக்கிட்டு அவளை ஏத்துங்க. சிரிச்சா... மீசையோட அதுவே இருக்கட்டும், நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

தச்சர்: நானா மந்திரி?

தையலம்மா: தாடி அந்தக் கூடையில இருக்கு.

தச்சர்: எனக்கு அழத் தெரியாது தங்கச்சி.

தையலம்மா: உன் கல்யாணத்தன்னிக்கு நல்லாத்தான அழுத?

தச்சர்: அது வேற.

உள்ளேயிருந்து: சரி. கூட்டிட்டு வாங்க. ஆனா நான் உள்ள இருக்கறது அவளுக்குத் தெரியக் கூடாது.

தையலம்மா: இந்தா வந்துட்டேன்.

தச்சர்: ...சார்.

உள்ளேயிருந்து: என்ன மேஸ்திரி?

தச்சர்: தப்பா எடுத்துக்காதீங்க. அவ அப்படித்தான், பொண்ணுன்னா உசிரு. உங்க மேல அவளுக்குக் கோபமெல்லாம் கெடையாது. கொஞ்சம் இருக்கு. நெறைய இல்ல.

உள்ளேயிருந்து: புரியுது. நீங்க தாடியை ஒட்டுங்க.

தச்சர்: ஒட்டிட்டேன். வஜ்ஜிரத்துல ஒட்டினேன். கழட்டறப்ப என்ன ஆகுமோ... வந்துட்டாங்க சார், மூச்சுக் காட்டாதீங்க.

தையலம்மா: வா கிலுக்கு. இங்க படு. ஒண்ணுமில்லடா, வெளக்கு சரியா விழுதான்னு பாக்கணுமாம், மாமா கேக்கறாரு. ஆமா, ராஜா மாதிரியே. தலகாணியைப் பாக்காத, அது போகட்டும். கண்ணை மூடிக்க. ...அண்ணே, ஆரம்பி.

தச்சர்: மன்னா... எங்களை விட்டுப் போனீரே.

தையலம்மா: இன்னும் சோகமா.

தச்சர்: மன்னா. இனி இந்த நாட்டுக்கு யாரு... யாரு... தங்கச்சி, அப்பறம் என்ன?

தையலம்மா: யார் துணை.

தச்சர்: யார் துணை. காட்டுல உம்மைத் தேடினோம், கடல்ல உம்மைத் தேடினோம்... எங்க தேடியும்... சரியா வரலையே. எங்க தேடியும் நீர் கெடைக்கல, இங்க வந்து படுத்திருக்கீரே, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?

தையலம்மா: அந்த வசனம் இல்ல.

தச்சர்: வாயில வந்துடுச்சு. மன்னா... ஐயோ, தாடி. பசை காயல, தாடி கழண்டிடுச்சு. இவ மூக்குல விழுந்துடுச்சு தங்கச்சி.

தையலம்மா: எடுக்காத. விடு.

தச்சர்: ...

தையலம்மா: ...

தச்சர்: சிரிக்கல.

தையலம்மா: ஆமா.

தச்சர்: தாடி மூக்கு மேலயே கெடக்கு. உதடுகூட அசையல. ஜெயிச்சிட்டோம் தங்கச்சி. என்ன, நீ ஏன் இப்படி நிக்கற?

தையலம்மா: மூச்சு விடறாளா பாரு.

தச்சர்: விடறா, விடறா. தாடி ஏறி எறங்குது. நல்லாத்தான் நடிக்கிறா.

தையலம்மா: இது நடிப்பு இல்லண்ணே. பழகிட்டா. எனக்குப் பயமா இருக்கு... கிலுக்கு, போதும்டி. எழுந்திரு. கண்ணைத் தொற.

தச்சர்: தங்கச்சி... காடு ஆடுது.

தையலம்மா: என்ன?

தச்சர்: காட்டைப் பாரு. அரண்மனையும். நாலு பக்கமும் குலுங்குது. கிரீச் கிரீச்சுன்னு சக்கரம் வேற. உள்ள என்னமோ... சா... தண்ணி எதுவும் வேணுமா? அங்க யாரும் இல்ல கிலுக்கு, அது காத்து.

தையலம்மா: கண்ணைத் தொறந்துட்டா.

தச்சர்: பெட்டியைத்தான் பாக்கறா. இன்னும் வேகமா ஆடுதே. அந்தச் சத்தம்... இருமலா? விக்கலா?

தையலம்மா: அண்ணே.

தச்சர்: என்ன?

தையலம்மா: சிரிக்கிறாண்ணே.

தச்சர்: ஆமா. போச்சு. வேஷம் போச்சு.

தையலம்மா: சிரிக்கிறா பாரு. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு... பழைய மாதிரியே. தாடி வாய்க்குள்ள போகுது, எடுத்து விடு. ஐயோ, சிரிடி, நல்லாச் சிரி. எங்க ஓடற? ஆமா, போ. போயி உன் கூட்டாளிங்களைக் கூப்பிட்டுச் சொல்லு, காடு ஆடுதுன்னு.

தச்சர்: ஒப்பந்தம் என்னன்னு மறந்துட்டியா? சிரிச்சா தலகாணிதான்னு நீதான சொன்ன?

தையலம்மா: தலகாணியே ராஜாவா இருக்கட்டும். மந்திரியாவும் இருக்கட்டும். எனக்கு இது போதும். அங்க கேளு, வராண்டா முடியற வரைக்கும் சிரிச்சிக்கிட்டே ஓடறா. ...சார்.

உள்ளேயிருந்து: ...ம்.

தையலம்மா: வெளிய வாங்க சார். உங்களுக்கு வேலை நெறைய இருக்கும். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.

உள்ளேயிருந்து: துணி காயலையே.

தையலம்மா: காய என்ன இருக்கு? கடல் பக்கத்து ஓரத்துல நான் பசையே வைக்கல. வெறும் தண்ணிதான் தடவினேன். ஒரு விரலால பிரிச்சா வந்துடும். உங்களை ஒரு மணி நேரம் ஒரு எடத்துல உக்கார வச்சுப் பேசணும்னு... வேற வழி தெரியல. அண்ணே, சிறைக் கதவுக் கொக்கியை எடுத்து விடு.

தச்சர்: எந்தக் கொக்கி?

தையலம்மா: நீ வெளியில மாட்டினியே, அந்தக் கொக்கி. அதை நம்பித்தான நான் பசை வைக்காம விட்டேன்.

தச்சர்: நான் எங்க மாட்டினேன்? நீ பசை வச்சிருக்கன்னு நான் கொக்கியே மாட்டல.

தையலம்மா: கொக்கியும் இல்லையா?

தச்சர்: பசையும் இல்லையா?

தையலம்மா: அப்ப இவ்வளவு நேரமும்... சார், அந்தக் கதவு தொறந்துதான் சார் இருந்திருக்கு. நீங்க ஒரு தடவ லேசாத் தள்ளியிருந்தா...

உள்ளேயிருந்து: தள்ளினேம்மா. நீங்க மணை இருக்குன்னு சொன்னப்பவே தள்ளிப் பாத்துட்டேன். தொறந்துச்சு. இதுக்குள்ள இருந்தா என் முகம் யாருக்கும் தெரியாதேன்னு சத்தம் வராம சாத்திக்கிட்டேன். அந்த இடுக்கு வழியாத்தான் இப்ப மந்திரியையும் பாத்தேன்... அஞ்சு ஒத்திகையிலயும் நான் ஓடினது கோபத்துல இல்லம்மா. தாடி விழுந்தாலே எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, உங்க பொண்ணும் சிரிச்சா சொல்லவே வேணாம். சாயங்காலம் அதிகாரி பக்கத்துல, அத்தனை பிள்ளைங்க பாக்கறப்ப, நான் விழுந்து விழுந்து சிரிச்சா என்ன ஆகும்னு பயந்துதான் அவளை நிறுத்தினேன். நீங்க வச்ச மீசையைப் பாத்தா அதைவிட மோசமா இருக்கு. தலகாணியை எறக்குங்க. ராஜா கிலுக்குத்தான், செத்தப்பறமும் கிலுக்குத்தான், சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். டிரில் மாஸ்டரை முன்வரிசையில என் நாற்காலியில உக்காரச் சொல்லுங்க, பெட்டியை நானே சுத்திக்கறேன். கொக்கியை மாட்டிக்குங்க மேஸ்திரி. டெய்லரம்மா, அந்த ஓரத்துக்கு இந்தத் தடவையாவது பசை வச்சு ஒட்டுங்க.